என்றார் பிறரும்: தமிழில் மேற்கோள் சுட்டும் மரபும் இன்றைய ஆய்வேட்டு நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வேடுகளிலும் ஆய்வுக்கட்டுரைகளிலும் சான்று சுட்டும் முறை மேலைநாட்டுக் கையேடுகளின் வழியே தமிழ்த்துறைகளுக்கு வந்தது என்பது பொதுவான எண்ணம். உரையாசிரியர்கள் காலம் தொட்டே தமிழில் மேற்கோள் சுட்டும் மரபு இருந்துள்ளது. அதன் குறைகளை 19ஆம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் உணர்ந்து, தமிழ் நூல்களுக்கு ஏற்ற சுட்டுமுறை ஒன்றை உருவாக்கினர். அம்முறை உருவான வரலாற்றையும், நூலாசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்னும் அடிப்படையில் அமைந்த இன்றைய முறைகள் தமிழ் மூலங்களைக் கையாளும்போது எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள், உரையாசிரியர்கள், பதிப்பு வரலாறு, உ.வே. சாமிநாதையர், நூற்பா எண், சான்று சுட்டல்

பெயர் சொல்லாத மேற்கோள்

1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே சாமிநாதையர் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பயிலத் தொடங்கினார். அப்போது அவரைத் தடுத்தவற்றுள் சமண சமயக் கருத்துகள் ஒன்று. அவற்றைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிய முடிந்தது. மற்றொன்று உரையில் மண்டிக்கிடந்த மேற்கோள்கள். நச்சினார்க்கினியர் ஓர் அடியையோ சில அடிகளையோ எடுத்துக்காட்டி, 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுகிறார். அந்தப் பிறர் யாவர், அவர் பாடிய நூல் எது என்பதற்கு உரையில் விடை இல்லை. இந்த இடர்ப்பாட்டை 'என் சரித்திரம்' விரிவாகவே பதிவு செய்துள்ளது.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளைப் புரட்டியபோது எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அவர் கைக்கு வந்தன. சிந்தாமணி உரையில் பெயரின்றிக் கண்ட அடிகள் அச்சுவடிகளில் தத்தம் இடத்தில் இருந்தன. சங்க நூல்கள் மீண்டும் வெளிப்பட்ட வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் சுவடி தேடிய பயணங்களையே முன்னிறுத்துவர். அத்தேடலைத் தூண்டியவற்றுள் மூலம் அறியப்படாத மேற்கோள்களும் இருந்தன என்பது அத்துணை அழுத்தம் பெறுவதில்லை. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை எனத் தொடர்ந்த பதிப்புகளில், உரையாசிரியர் பெயர் சொல்லாது விட்ட மேற்கோள்களுக்கு இடம் காட்டுவது பதிப்பாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே ஆயிற்று.

நச்சினார்க்கினியரைக் குறைகூற இங்கு இடமில்லை. அவர் எழுதியது அந்நூல்களைப் பாடம் கேட்டு நெஞ்சில் இருத்திய மாணாக்கர்க்கு. அவர்களுக்கு ஓர் அடியின் தொடக்கமே நூலின் பெயராகும். அந்தக் கல்விமரபு அறுபட்ட பின்னர்தான் 'என்றார் பிறரும்' என்பது புதிராயிற்று. எந்தச் சுட்டுமுறையும் தன் வாசகரிடம் ஏற்கெனவே உள்ள அறிவை நம்பியே அமைகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

உரையாசிரியர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். பிறர் கருத்தை மறுக்குமிடத்துப் பெயர் சுட்டாது 'ஒருசாரார்', 'என்பாரும் உளர்' என்று கூறிச் செல்வது பொதுவழக்கு. ஆயினும் சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் 'உரையாசிரியர்' என்று இளம்பூரணரைச் சுட்டியே மறுக்கிறார். நச்சினார்க்கினியரும் பேராசிரியரையும் சேனாவரையரையும் பெயரால் குறிப்பிடும் இடங்கள் உள. இச்சுட்டுகள் இன்றேல் உரையாசிரியர்களுள் யார் முற்பட்டவர், யார் பிற்பட்டவர் என்னும் வினாவுக்கு உறுதியான விடை கூற இயலாது. தமிழ் இலக்கியக் கால ஆராய்ச்சியில் எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று, எந்நூல் எந்நூலை எடுத்தாளுகிறது என்னும் இந்தக் கணக்கு.

அடியார்க்குநல்லாரின் உரைப்பாயிரம் தனித்து நோக்கத்தக்கது. சிலப்பதிகாரத்தின் இசை, நாடகப் பகுதிகளுக்கு உரை வகுக்கத் தாம் துணைக்கொண்ட நூல்களை அவர் பெயர் கூறி நிரல்படுத்துகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல். அவற்றுக்கு முற்பட்ட இசை, நாடக நூல்கள் இறந்துபட்டமையையும் கூறுகிறார். எஞ்சிய இவ்வைந்தும் இளங்கோவடிகள் கருதிய இலக்கணத்தை முற்றும் உணர்த்துவன அல்ல, ஒருபுடை ஒப்புமை பற்றியே கொள்ளப்பட்டன என்பதையும் அவர் மறைக்கவில்லை. தம் சான்றுகள் எவை, அவற்றின் எல்லை எதுவரை என்பதை நூன்முகத்திலேயே அறிவித்த இப்பகுதி, இன்றைய ஆய்வேடுகளில் 'ஆய்வு மூலங்கள்' என்னும் தலைப்பின்கீழ் எழுதப்படுவதைக் காட்டிலும் பல வேளைகளில் நேர்மையானது. அவர் சுட்டியவற்றுள் பஞ்சமரபு 1970களில் அச்சேறியபோது, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் உரையாசிரியர் தந்த பெயரைக் கொண்டே அறிஞர்கள் அதனை அடையாளம் கண்டனர்.

மேற்கோளில் மட்டும் வாழும் நூல்கள்

மேற்கோளை ஆய்வேட்டின் புற ஒழுங்காகக் கருதுவோர், அதனால் மட்டுமே நிலைத்த நூல்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வளையாபதியும் குண்டலகேசியும் ஐம்பெருங்காப்பிய வரிசையில் வைத்து எண்ணப்படுவன. ஆனால் இரண்டும் முழுநூலாகக் கிடைக்கவில்லை. குண்டலகேசிப் பாடல்கள் சிலவற்றை நீலகேசி உரையும், இரண்டு காப்பியங்களின் பாடல்கள் பலவற்றைப் புறத்திரட்டும் காத்தன. முத்தொள்ளாயிரத்தில் இன்று பயிலப்படும் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களும் புறத்திரட்டு தந்தவையே. தகடூர் யாத்திரையின் பாடல்கள் புறத்திரட்டிலும் தொல்காப்பியப் புறத்திணையியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலும் எஞ்சின. பரிபாடல் எழுபதில் கிடைத்தவை 22. அவற்றின் வேறாக, உரைகளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் தொகுக்கப்பட்ட பகுதிகள் பரிபாடற்றிரட்டு என வழங்குகின்றன. யாப்பருங்கல விருத்தி இல்லையெனில் பெயரளவிலும் அறியப்படாது போயிருக்கும் நூல்கள் பல. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் தொகுப்பை உருவாக்க முடிந்தது இவ்வுரைகளின் துணையால்தான்.

இங்கு ஒரு வேறுபாடு புலப்படுகிறது. புறத்திரட்டைத் தொகுத்தவர் பாடல்கள் எந்நூலைச் சார்ந்தன என்பதைக் காட்டிச் சென்றார். ஆகவே அவர் எடுத்த பாடல் அதன் நூலுக்கே திரும்பியது. விருத்தியுரைகாரர் பெயர் சுட்டாது விட்ட செய்யுட்களோ, இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டு என்னும் அளவில் நின்றுவிட்டன. அவற்றின் ஆசிரியர், காலம், நூல் எதுவும் தெரியவில்லை. பாடல் பிழைத்தது, நூல் பிழைக்கவில்லை. சுட்டியதற்கும் சுட்டாது விட்டதற்கும் உள்ள தொலைவு இவ்வளவு.

அச்சுப் பதிப்பும் சுருக்கக் குறியீடும்

ஓலைச்சுவடிக்கு நிலையான பக்க எண் கிடையாது. ஒரே நூலின் இரு சுவடிகளில் ஏட்டெண் ஒத்திராது. ஆகவே மேற்கோளின் இடத்தைச் சுட்டுவதற்குப் பாட்டு, நூற்பா, அடி என்னும் நூலின் உள்ளுறுப்புகளே ஏற்றவை. பதிப்பாசிரியர்கள் இதனை அச்சுக் காலத்திலும் கைவிடவில்லை. 'புறம். 192', 'தொல். சொல். 1, சேனா.', 'சிலப். 5: 10' என்றாற்போன்ற குறியீடுகள் சாமிநாதையர் பதிப்புகளிலும் அவர்தம் காலத்தார் பதிப்புகளிலும் வழக்கூன்றின. 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் கூறுகையில் இம்முறையையே பேரளவில் கையாண்டது. சொல்லின் பொருளுக்குக் கீழே நூற்பெயரின் சுருக்கமும் பாட்டெண்ணும் வரும். அச்சுருக்கங்களின் விரிவு தனிப்பட்டியலில் உண்டு. எந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவரும் அவ்விடத்தை அடையலாம்.

இம்முறை முற்றும் குறையற்றது என்று கூறவியலாது. தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் ஒரே வகையாகப் பகுக்கவில்லை. எழுத்ததிகாரம் இளம்பூரணர், நச்சினார்க்கினியர் இருவர்க்கும் 483 நூற்பா. சொல்லதிகாரம் இளம்பூரணர்க்கு 456, சேனாவரையர்க்கும் நச்சினார்க்கினியர்க்கும் 463, தெய்வச்சிலையார்க்கு 453. பொருளதிகாரம் இளம்பூரணர் பகுப்பில் 656, பிற்பகுப்பில் 665. மொத்தத்தில் 1595க்கும் 1611க்கும் இடைப்பட்ட 16 நூற்பா வேறுபாடு, அதிகாரத்தின் இறுதியை நெருங்க நெருங்க எண்களைப் பிறழச் செய்கிறது. உரையாசிரியர் பெயரின்றித் 'தொல். பொருள்.' என்று எழுதி ஓர் எண்ணை மட்டும் இட்டால், வாசகர் இரு வேறு நூற்பாக்களுக்குச் செல்லக்கூடும். பழைய பதிப்பாசிரியர்கள் 'இளம்.', 'நச்.' என்பதை விடாமல் எழுதியதன் காரணம் இது. இன்றைய ஆய்வேடுகளில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

திருக்குறளிலும் இதுபோன்ற நிலை உண்டு. இன்று வழங்கும் 1 முதல் 1330 வரையிலான எண் பரிமேலழகர் கொண்ட வரிசையைப் பின்பற்றியது. மணக்குடவர் அதிகாரத்துள் குறள்களை வேறு முறையில் வைத்துள்ளார். அவர் உரையை ஆராய்ந்து எழுதுவோர் பரிமேலழகர் எண்ணையே இடும்போது, குறள் வைப்புமுறையில் மணக்குடவர் கண்ட பொருட்தொடர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்களைக் கொள்வதிலும் தள்ளுவதிலும் பதிப்புகள் வேறுபடுவதால், பதிப்பைச் சுட்டாத பாடல் எண் பயன்படாது என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

எண் மட்டுமன்று, உரையாசிரியர் பெயரே பிழைபட்ட நேர்வும் உண்டு. சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தை அச்சிட்டபோது இயல்கள் முழுமைக்கும் உரை நச்சினார்க்கினியருடையது என்றே கொண்டார். மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை ரா. இராகவையங்கார் 'செந்தமிழ்' இதழில் அகச்சான்றுகளால் நிறுவினார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை பின்னர்த் தனியே கிடைத்து அச்சாயிற்று. சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டு, அந்நூலை அழிவிலிருந்து மீட்டவர்க்கு இது பெருங்குற்றமாகாது. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வியல்களை 'நச்.' எனச் சுட்டி எழுதப்பட்டவற்றை இன்று படிப்போர், பதிப்பாண்டை நோக்கி அப்பெயரைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டு கொடுக்கப்படாவிடில் திருத்தவும் வழியில்லை. உள்ளெண் முறைக்குப் பதிப்பு விவரம் துணையாக வேண்டும் என்பதை இந்நேர்வு காட்டுகிறது.

ஆண்டு என்னும் சிக்கல்

பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இன்று பின்பற்றப்படும் கையேடுகள் அமெரிக்காவில் தோன்றியவை. சிகாகோ கையேடு 1906இல் வெளிவந்தது. உளவியலாளர் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறை 1929இல் ஓர் இதழில் வெளியான சில பக்கக் குறிப்பாகத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வேடுகளை ஒழுங்குபடுத்தி வந்த கேட் துராபியன் 1937இல் மாணவர்க்கென ஒரு சிறுநூல் எழுதினார். மொழி, இலக்கியத் துறைகளுக்குரிய எம்.எல்.ஏ. நடைத்தாள் 1951இலும் அதன் கையேடு 1977இலும் வந்தன. 1984இல் வந்த அக்கையேட்டின் இரண்டாம் பதிப்புதான் அடிக்குறிப்பை விடுத்து, ஆசிரியர் பெயரையும் பக்கத்தையும் அடைப்புக்குறிக்குள் இடும் முறையை முதன்மைப்படுத்தியது. இவை ஒவ்வொன்றும் அவ்வத்துறையின் தேவைக்கு எழுந்தவை. உளவியலில் ஓராய்வு எந்த ஆண்டு நடந்தது என்பது முதன்மையானது. ஆகவே அம்முறையில் ஆண்டு பெயரை அடுத்து வருகிறது.

அம்முறையைச் சங்கப் பாடலுக்குப் பொருத்தினால் விளைவது என்ன? புறநானூற்றுக்கு ஆசிரியர் ஒருவர் இல்லை. எனவே பதிப்பாசிரியர் பெயர் அவ்விடத்தைப் பிடிக்கிறது. ஆண்டோ, ஆய்வாளர் கையிலிருக்கும் மறு அச்சின் ஆண்டு. கபிலர் பாடிய பாட்டொன்றுக்குக் கீழே 'சாமிநாதையர்' என்னும் பெயரும் இருபதாம் நூற்றாண்டின் ஏதோ ஓராண்டும் ஒரு பக்க எண்ணும் நிற்கும். பாடியவர் பெயரும் பாட்டெண்ணும் போய்விடும். சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபின் 1923, 1935 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகளை வெளியிட்டார். புதிய சுவடிகளைக் கண்டபோது பாடங்களை மாற்றினார். மறு அச்சின் ஆண்டு, எந்தத் திருத்தத்தின் பாடம் என்பதைச் சொல்லாது. இங்கு வேண்டுவது பாட்டெண், அடியெண், பதிப்பின் வரிசை ஆகிய மூன்றுமே. அவை கொடுக்கப்பட்டபின் பக்க எண் மிகை.

பழைய அச்சுநூல்களின் ஆண்டைத் துணிவதிலும் இடர் உண்டு. முகப்பில் அறுபதாண்டு வட்டத்துப் பெயரை இடுவது 19ஆம் நூற்றாண்டில் பெருவழக்கு. பார்த்திப ஆண்டு என்பது 1885 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1886 ஏப்ரல் நடுவில் முடிவது. அவ்வாண்டின் தை, மாசியில் வந்த நூல் ஆங்கிலக் கணக்கில் 1886க்கு உரியது. மாதம் நோக்காது ஆண்டை மட்டும் பெயர்த்தெழுதும்போது ஒரே நூல் இரு நூற்பட்டியல்களில் ஓராண்டு வேறுபாட்டுடன் இடம்பெறுகிறது. பின்வரும் ஆய்வாளர் அவற்றை இரு பதிப்புகள் எனக் கொள்ளவும் கூடும். முகப்பில் உள்ளதை உள்ளவாறே எழுதி, அருகில் பகர அடைப்புக்குள் ஆங்கில ஆண்டைத் தருதல் இதற்கு எளிய தீர்வு.

பெயரின் செய்தியும் இதனோடு ஒட்டியது. குடும்பப்பெயரை முன்னிட்டு எழுதுக என்பது கையேடுகளின் விதி. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். 'கைலாசபதி, க.' என்று எழுதினால் விதியும் பெயரும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. இறுதியில் சாதிப்பட்டம் நிற்கும் பெயர்களில்தான் இடறுகிறது. ஆங்கில நூற்பட்டியல்களில் வையாபுரிப்பிள்ளையும் தாமோதரம் பிள்ளையும் 'பிள்ளை' என்னும் ஒரே சொல்லின்கீழ் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். இயற்பெயர் முன்னெழுத்தாகக் குறுகிவிடுகிறது. இருவரையும் வேறுபடுத்துவது அவர்தம் பெயரே என்பதை அப்பட்டியல் மறந்துவிடுகிறது.

வரலாற்றுத் துறையின் அடிக்குறிப்பு

கல்வெட்டைச் சான்றாகக் கொள்ளும் துறையில் இத்தகைய தடுமாற்றம் குறைவு. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வெளிவரத் தொடங்கின. தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் போதும். தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் பட்டியலை 'தெ.இ.க. 2, எண் 66' என்று சுட்டினால் உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதனைக் கண்டெடுப்பர். அச்சில் வராதவற்றை ஆண்டறிக்கையின் எண்ணும் ஆண்டும் கொண்டு சுட்டுவர். தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1949 முதல் வந்தது. அதன் அடிக்குறிப்புகளில் செந்தமிழ் நடைக்குக் கீழே ஆங்கில எழுத்தில் தொகுதிப் பெயர்களின் சுருக்கங்கள் வரிசையாக நிற்கும். பார்வைக்கு அது பொருந்தாத ஒட்டுப்போலத் தோன்றும். ஆனால் தமிழில் எழுதிய ஒரு புலவர், ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றாசிரியர்களோடு அதே கல்வெட்டை முன்வைத்து வாதிட அந்தச் சுருக்கங்களே இடந்தந்தன. நூல்வழிக் கேள்விப்பட்டதற்கும் கல்வெட்டில் நேரில் கண்டதற்கும் உள்ள வேறுபாடு அவர் அடிக்குறிப்புகளில் குழம்புவதில்லை.

காணாத பதிப்பைச் சுட்டுதல்

அவ்வேறுபாடு இன்று குழம்பிக்கிடக்கிறது. மதுரைத்திட்டம் 1998இல் தொடங்கியபின் சங்க நூல்கள் முதல் சிற்றிலக்கியங்கள் வரை பெரும்பகுதி மின்வடிவில் எளிதாகக் கிடைக்கிறது. ஊர்ப்புறக் கல்லூரிகளில் பணியாற்றும் ஆய்வாளர்க்கு அது பெருங்கொடை. மின்பாடத்தில் பக்க எண் இராது. படிவமோ பக்க எண்ணைக் கேட்கும். எனவே திரையில் படித்த பாடலுக்கு, கையால் தொடாத அச்சுப்பதிப்பொன்றின் பெயரும் பக்கமும் வேறொரு நூற்பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதப்படுகின்றன. மின்பாடம் ஒரு பதிப்பையும் சுட்டப்பட்ட நூல் மற்றொரு பதிப்பையும் சார்ந்திருந்தால், சந்தி பிரித்தலிலும் பாடவேறுபாட்டிலும் இரண்டும் ஒவ்வா. மேற்கோளைச் சரிபார்க்கச் செல்பவர் அங்கு வேறொரு பாடத்தைக் காண்பார்.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் தண்டனை நிலைகளை வகுத்துள்ளன. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வாளரின் பதிவே நீக்கப்படும். முறைப்படி சான்று சுட்டிய மேற்கோள்களை அவ்விதிகள் கணக்கில் விலக்குகின்றன. இது வேண்டத்தக்க ஒழுங்கே. ஆனால் சொற்கள் ஒத்துள்ளனவா என்பதைத்தான் அது அளக்கிறது. சுட்டிய நூலை ஆய்வாளர் கண்டாரா என்பதை எந்த விழுக்காடும் அளக்காது. பிறரது அடிக்குறிப்பை அப்படியே தம் அடிக்குறிப்பாக எடுத்துக்கொள்ளுதல் இவ்விதிகளின் வலையில் சிக்குவதில்லை. மின்பாடத்தைக் கண்டவர் மின்பாடத்தையே சுட்டுவதற்கும், வழிநூலில் கண்ட மேற்கோளை அவ்வழிநூலின் பெயரோடு தருவதற்கும் நாணவேண்டியதில்லை. அடியார்க்குநல்லார் தமக்குக் கிடைத்த நூல்கள் எவை, கிடைக்காதவை எவை என்று சொல்ல நாணவில்லை.

1937இல் சாமிநாதையர் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்கு வயது 82. ஒவ்வொரு பாட்டின் விளக்கத்தோடு 'மேற்கோளாட்சி' என்னும் பகுதியை அவர் அமைத்தார். அப்பாட்டின் எந்த அடியை, எந்த உரையாசிரியர், எந்நூலின் எவ்விடத்தில், எதற்காக எடுத்தாண்டார் என்பதை அப்பகுதி காட்டும். சிந்தாமணியில் மேற்கோளிலிருந்து மூலத்துக்குச் செல்ல வழியின்றித் தவித்தவர், இங்கு மூலத்திலிருந்து மேற்கோள்களுக்குச் செல்லும் வழியைத் திறந்துவைத்தார். பின்னர் வந்த மலிவுப் பதிப்புகள் பலவும் மூலத்தை மட்டும் தரும் மின்பாடங்களும் இப்பகுதியைக் கொண்டிருக்கவில்லை. குறுந்தொகைப் பாட்டொன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், அதனை இளம்பூரணரோ பேராசிரியரோ தமக்கு முன் காட்டியுள்ளனரா என அறிய விரும்பினால், அந்தப் பதிப்பையோ அதன் மறு அச்சையோ எடுத்துப் பாட்டின் அடிப்பகுதியைப் பார்த்தல் வேண்டும்.